22,000 ரூபா கட்டி கிராண்ட் எழுதப் பழகிய நான்கு புரட்டாதிச் சனிகள்

முதலில் காசுக் கதை. 22,000 ரூபா. நான்கு சனிக்கிழமைகள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை, வெள்ளவத்தையில் காலி வீதியோடு ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஆய்வுக்குக் காசு கேட்டு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று புது ஆய்வாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. விளக்கம் தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். அதோடு நம்முடைய வரைவை இரண்டு தடவை வாசித்துக் குறிப்பு எழுதித் தருவார்கள் என்பது பேச்சு. நடத்துபவர்களின் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் கீழே குறையும் சொல்லப்போகிறேன், அவர்களுக்கு இதை முழுதாக எழுதி அனுப்பியும் விட்டேன். கொழும்பில் இப்படி ஒரு வகுப்புக்குக் காசு கட்டலாமா, கட்டினால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏன் போனேன் என்றால், விழுந்ததால் போனேன். தகுதிகாண் விரிவுரையாளராக இரண்டு வருடம் முடிந்திருந்தது, வேலை நிரந்தரமாகுமுன் ஒரு கிராண்ட் கையில் இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பதினைந்து பக்கம் எழுதி ஓர் உள்ளூர் நிதிக்கு அனுப்பினேன். ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டு வரியில் பதில் வந்தது. நோக்கங்கள் கேட்கும் காசுக்கு மிஞ்சியவை, முறையியல் தெளிவில்லை. அவ்வளவுதான். எந்த நோக்கம், எந்த முறை, ஒன்றும் இல்லை. நம்முடைய நாட்டில் ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் பல வருடமாக நிற்கிறது, அந்தச் சின்னப் பானையிலிருந்து அள்ள நிற்பவர்களின் வரிசை பெரிது, ஆகவே ஆற அமர இருந்து விளக்கம் எழுத அவர்களுக்கும் நேரம் இல்லை என்று பிறகு புரிந்தது. அன்றைக்குப் புரியவில்லை. இரண்டு நாள் ஒருத்தரோடும் கதைக்கவில்லை.

என்னுடைய விஷயம் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள நைத்திரேற்று. குடாநாட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். மேலே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற யூரியா, வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழி, கீழே ஓட்டை ஓட்டையான கல். மழை பெய்தால் எல்லாம் ஒன்றாகத்தான் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் போகக்கூடாது என்கிறது, கைக்குழந்தைகளுக்கு அது இரத்தத்தில் ஒட்சிசன் போவதைக் கெடுக்கும் என்பதால். இதெல்லாம் என் விண்ணப்பத்தில் இருந்தது. நான்காம் பக்கத்தில் இருந்தது. முதல் மூன்று பக்கமும் இலக்கிய மீளாய்வு.

வகுப்பில் பன்னிரண்டு பேர். கல்முனைப் பக்கத்து டொக்டர் ஒருவர், மட்டக்களப்பிலிருந்து கல்வித்துறைத் தங்கச்சி ஒருத்தி, மலையகத்துத் தோட்டப் பாடசாலைகள் பற்றி ஆராய்கிற ஒரு அண்ணா, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு கணனிக்காரர், இப்படிக் கலவை. அந்தக் கலவைதான் பிறகு எவ்வளவு பெறுமதி என்று தெரிந்தது. நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், நாங்கள் சேர் என்போம். மற்றவர் பல வருடம் நிதித் திட்டங்களின் கணக்கும் அறிக்கையும் பார்த்த ஒரு அக்கா. சேருக்குப் பேச்சு அதிகம், அக்காவுக்குக் குறைவு. காசுக்குப் பெறுமதி அக்காவிடம்தான் கூட இருந்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் சனி சேர் வந்து புரொஜெக்டரைப் போடவேயில்லை. பலகையில் சில கேள்விகளை எழுதினார். 1970களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்ப்பாவுக்குத் தலைவராக இருந்த ஜோர்ஜ் ஹெய்ல்மையர் என்பவர், காசு கேட்டு வருகிற ஒவ்வொருத்தரிடமும் கேட்ட கேள்விகளாம். என்ன செய்யப் பார்க்கிறாய், கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல். இன்றைக்கு அதை எப்படிச் செய்கிறார்கள், அதில் எங்கே இடிக்கிறது. உன்னிடம் புதிதாக என்ன இருக்கிறது. இது நடந்தால் யாருக்கு என்ன. எவ்வளவு காசு, எவ்வளவு காலம், இடையில் சரியாகப் போகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பாய். இணையத்தில் தேடினால் யாருக்கும் கிடைக்கிற விஷயம்தான், இதற்கா 22,000 என்று நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆனால் அப்புறம் செய்ததுதான் விஷயம். ஒவ்வொருவரும் எழும்பி, இரண்டு நிமிடத்தில், தமிழில், ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லாமல் தன் ஆய்வைச் சொல்ல வேண்டும்.

என் முறை வந்தது. என் விண்ணப்பத்தின் தலைப்பை ஆங்கிலத்தில் வாசித்தால் மூச்சு வாங்கும், அதில் இடம், காலம், நீர், நிலம், இரசாயனம் எல்லாமே ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தமிழில் சொல்லத் தொடங்கி, "நிலத்தடி நீரின் புவி இரசாயன..." என்று இழுத்தேன்.

சேர் கையைக் காட்டி நிற்பாட்டினார். "தம்பி, நீர் உம்மட பாடப்புத்தகத்தைச் சொல்லுறீர். உம்மட அம்மா கேட்டா என்னெண்டு சொல்லுவீர்?"

"கிணத்துத் தண்ணியில உரம் எவ்வளவு கலந்திருக்கெண்டு பாக்கிறன் எண்டுதான் சொல்லுவன் சேர்."

"அது எல்லாருக்கும் தெரியும், எத்தினையோ பேர் பாத்திட்டினம். நீர் என்னத்துக்கு?"

நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது, அந்த வருட முடிவுக்குள் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் ஊரில் உரம் இல்லாமல் ஒரு போகம் போய்விட்டது. என்னிடம் 2019இல் பட்டப்படிப்பு ஆய்வுக்காக எடுத்த நாற்பது கிணறுகளின் அளவுகள் இருக்கின்றன. என் நண்பன் ஒருவன் 2022இல் அதே கிணறுகளில் எடுத்த அளவுகளும் இருக்கின்றன. இப்போது உரம் திரும்ப வந்துவிட்டது. உரம் நின்ற நேரம் தண்ணீர் திருந்தியதா, திரும்ப வந்த பிறகு எவ்வளவு கெதியாகக் கெட்டது என்று பார்க்கலாம்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. கல்முனை டொக்டர்தான் முதலில் வாய் திறந்தார், "இது நல்லா இருக்கே, இதை எங்க எழுதியிருக்கீங்க?" என்று. எங்கே எழுதியிருந்தேன்? பதினோராம் பக்கத்தில், 'கிடைக்கக்கூடிய தரவுகள்' என்ற தலைப்பின் கீழ், ஒரு வரி.

இந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே நான் காசு கட்டினேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தமிழில் செய்ததால்தான் வேலை செய்தது என்பதும் என் எண்ணம். தமிழில் படித்து ஏஎல் எடுத்து, கம்பஸில் ஆங்கிலத்துக்கு மாறியவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எளிமையாக எழுதினால் நமக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் பெரிய பெரிய சொல்லாகப் பொறுக்கி அடுக்குவோம். அடுக்க அடுக்க, நமக்கே என்ன கேட்கிறோம் என்பது மறைந்துவிடும். தமிழில் சொல்லும்போது ஒளிய இடமில்லை. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேராவது அன்றைக்கு எழும்பி நின்று தடுமாறினோம், அந்தக் கணனிக்காரரில் ஒருவர் இரண்டு நிமிடமும் "அதாவது, அதாவது" என்று சொல்லியே முடித்துவிட்டார். பல்கலைக்கழகங்களில் உள்ள ஊழியர் அபிவிருத்தி நிலையங்களும் இப்படியான அமர்வுகளை நடத்துகின்றன, அவை இலவசம், நானும் போயிருக்கிறேன், ஆனால் நான் போனவை ஆங்கிலத்தில் நடந்தவை, இந்தத் தடுமாற்றம் அங்கே வெளியே வரவேயில்லை.

இரண்டாம் சனி வீண். நேராகவே சொல்கிறேன். காலை முழுதும் என்ஐஎச் படிவங்கள், அதாவது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் மருத்துவ ஆய்வுக்குக் காசு கேட்கிற படிவங்கள். எது எத்தனை பக்கம், எந்தப் பகுதி எதற்குப் பிறகு, என்று ஒவ்வொன்றாக. நோக்கங்களை ஒரே பக்கத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்ற அவர்களின் விதி நல்ல விதி, அதை எங்களுக்கும் பழக்கினார்கள், சரி. ஆனால் அதற்கு அரை மணித்தியாலம் போதும். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பக்கம் போகும் எண்ணம் இல்லை, எங்களுக்கு வேண்டியது மெயிற்லண்ட் பிளேஸில் இருக்கிற தேசிய விஞ்ஞான மன்றம் மாதிரியான இடங்களுக்கு எழுதுவது எப்படி, வெளியே என்றால் இத்தாலியின் ட்ரியெஸ்டில் உள்ள உலக விஞ்ஞானக் கழகம் மாதிரி நம்மைப் போன்ற நாடுகளுக்கென்றே தருபவர்களிடம் கேட்பது எப்படி என்பது. அவற்றுக்குக் கடைசியில் இருபது நிமிடம். வென்ற விண்ணப்பங்கள் என்று மாதிரிக்கு மூன்று பைல் தந்தார்கள். மூன்றும் மருத்துவம். ஒன்று 2009ஆம் ஆண்டினது, டொலர் 115 ரூபா இருந்த காலத்து வரவுசெலவுத் திட்டம். அதைப் பார்த்து இன்றைக்கு ஒருவர் கணக்குப் போட்டால் ஆய்வு ஆறு மாதத்தில் படுத்துவிடும்.

அன்றைக்கு உருப்படியாக நடந்தது ஒன்று. அக்கா எங்கள் முதல் வரைவுகளில் நான்கை எடுத்து, பெயரை மறைத்து, முதல் வசனத்தை மட்டும் திரையில் போட்டார். நான்கும் ஏறக்குறைய ஒரே வசனம். துறை வேறு, ஊர் வேறு, ஆனால் 'வேகமாக மாறிவரும் உலகில்' என்ற அந்தத் தொடக்கம் மாத்திரம் மாறவில்லை. சட்ஜிபிடிக்காரர்கள் தலையைக் குனிந்தார்கள். பாவிக்க வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை, ஆங்கில இலக்கணம் பார்க்கத் தானும் பாவிப்பதாகச் சொன்னார். ஆனால் யோசனையை அதனிடம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும், வாசிப்பவருக்கு மூன்றாவது விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடும் என்றார். என்ஐஎச் 2025 செப்டெம்பர் 25க்குப் பிறகு வருகிற விண்ணப்பங்களில், பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டவற்றை ஏற்பதில்லை என்று விதி கொண்டுவந்துவிட்டது, ஒருவர் வருடத்துக்கு ஆறுக்கு மேல் அனுப்பவும் முடியாது. எங்களுடைய வகுப்பு நடந்தது அதே கிழமைகளில்தான்.

இடைவேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரட்டாதிச் சனி நாலுக்கும் வகுப்பு வைத்துவிட்டு, பிளேன்டீயோடு மீன் பணிஸ் கொடுத்தால் யார் சாப்பிடுவது? முதல் கிழமை பாதிப் பேர் வாழைப்பழத்தோடு இருந்தோம். சொன்ன பிறகு இரண்டாம் கிழமையிலிருந்து கடலை வடை வந்தது. ஏசி ஒன்று வேலை செய்தது, மற்றது சத்தம் மட்டும் போட்டது.

மூன்றாம் சனிதான் அக்காவின் நாள். வரவுசெலவும் காலத் திட்டமும். யாரும் விரும்பிக் கேட்கிற விஷயம் இல்லை, எனக்கும் எக்செல் என்றாலே கொட்டாவி. ஆனால் நான் வாழ்க்கையில் இருந்த மிக நல்ல வகுப்புகளில் இது ஒன்று. அவர் எங்கள் வரவுசெலவுகளையே எடுத்துத் திரையில் போட்டு, ஒவ்வொரு வரியாக, "இது எங்கயிருந்து வந்த எண்?" என்று கேட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான் அவருடைய முறை.

என்னுடையதில் இரசாயனப் பொருளுக்கு ஒரு தொகை இருந்தது. எங்கிருந்து வந்தது? 2023இல் வாங்கிய ஒரு கொட்டேஷனிலிருந்து. அதில் வற் வரி 15 சதவீதம். 2024 ஜனவரியிலிருந்து 18. "அந்த மூண்டு சதவீதத்தை ஆர் குடுக்கிறது, நீங்களா?" அடுத்த வரி, மாதிரிகள் 160. நாற்பது கிணறு, வருடத்துக்கு இரண்டு தடவை, இரண்டு வருடம். பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி எடுத்துச் சரிபார்க்க வேண்டாமா, அப்போது 176, அந்தப் பதினாறு எங்கே? அடுத்தது போக்குவரத்து. பஸ் கட்டணம் போட்டிருந்தேன். மாதிரியை எடுத்து எங்கே பரிசோதிப்பீர்கள்? கொழும்பில். எத்தனை மணித்தியாலத்துக்குள்? பதப்படுத்தாத தண்ணீரில் நைத்திரேற்றுப் பார்ப்பதென்றால் குளிரில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள். அப்படியென்றால் ஐஸ் பெட்டி எங்கே? ஐஸ் எங்கே? யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது யார், அவருக்கு அன்றைய படி எங்கே? இரவு பஸ் வந்து நிற்பதும் இதே வெள்ளவத்தையில்தான் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தோம், ஆனால் எனக்கு வியர்த்தது. முறையியல் தெளிவில்லை என்று அந்த நிதிக்காரர் எழுதியது இதைத்தானோ என்று அப்போதுதான் பட்டது. பதினைந்து பக்கத்தில் ஓர் இடத்திலும் ஐஸ் பெட்டி இல்லை. ஐஸ் பெட்டி இல்லாத விண்ணப்பத்தை வாசிப்பவர், இந்தப் பிள்ளை ஒருநாளும் வெளியில் போய் மாதிரி எடுத்ததில்லை என்று நினைப்பார். நான் எடுத்திருக்கிறேன், நாற்பது கிணற்றிலும் எடுத்திருக்கிறேன், எழுதத்தான் இல்லை.

பிறகு காலத் திட்டம். ஜனவரியில் காசு வரும், பெப்ரவரியில் மாதிரி எடுப்பேன் என்று அழகாகப் பெட்டி பெட்டியாக நிறம் தீட்டியிருந்தேன். அக்கா கேட்டார், காசு வந்த அடுத்த நாளே சாமான் வாங்கலாமா உங்கள் கம்பஸில்? மூன்று கொட்டேஷன், கொள்வனவுக் குழு, அனுமதி, இறக்குமதி என்றால் இன்னும் மேலே. குறைந்தது நான்கு மாதம் தள்ளிப் போடுங்கள் என்றார். தள்ளினால் மாரி மழை போய்விடும். மழை நைத்திரேற்றைக் கீழே இறக்குகிற காலம் அதுதான், ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை, அந்த மழையைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு வருடம். ஆகவே நிதி எந்த மாதத்தில் வந்தாலும் முதல் மாதிரி அடுத்த மாரிக்கு முன்னும் பின்னும் என்று திட்டத்தைப் பருவத்தோடு கட்டி எழுதினேன், மாதப் பெயரோடு கட்டவில்லை. இதை நானாக ஒருநாளும் யோசித்திருக்கமாட்டேன்.

நான்காம் சனி போலி மதிப்பீட்டுக் குழு. ஒவ்வொருவருக்கும் முந்திய கிழமை இரண்டு பேரின் வரைவு வந்திருக்கும், வாசித்து வந்து ஒன்றிலிருந்து ஒன்பதுவரை புள்ளி போட வேண்டும், ஒன்றுதான் நல்லது, ஒன்பது மோசம். ஒரு விண்ணப்பத்துக்கு எட்டு நிமிடம். எழுதியவர் அறையில் இருப்பார், ஆனால் வாய் திறக்கக்கூடாது.

எனக்கு வந்தது மலையகத்து அண்ணாவின் வரைவு. நல்ல மனுஷன், நல்ல விஷயம். அதை நான் எப்படி வாசித்தேன் என்று உண்மையைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், 100ஆம் இலக்க பஸ்ஸில், நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனில். முதல் பக்கம் வாசித்தேன், நோக்கங்களைப் பார்த்தேன், வரவுசெலவின் மொத்தத்தைப் பார்த்தேன், நடுவில் ஒரு படம் இருந்தது அதைப் பார்த்தேன். பம்பலப்பிட்டி வரும்போது எனக்கு ஒரு புள்ளி மனதில் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போய் முழுதாக வாசித்தபோதும் அந்தப் புள்ளி அதிகம் மாறவில்லை, வாசித்தது எல்லாம் ஏற்கெனவே போட்ட புள்ளிக்குச் சாட்சி தேடத்தான். அன்றிரவு என் முதல் விண்ணப்பத்தை நினைத்துப் பார்த்தேன். அதையும் யாரோ ஒருவர், மார்க்கிங் குவிந்து கிடக்கிற மேசையில், பிள்ளைக்குக் காய்ச்சலான ஒரு நாளில், இப்படித்தான் பார்த்திருப்பார். அவருக்கு நான் முதல் மூன்று பக்கமும் இலக்கிய மீளாய்வு கொடுத்திருக்கிறேன்.

என்னுடையதற்கு ஒருவர் 3 போட்டார், ஒருவர் 6. ஒரே தாள்தான். 6 போட்டது இரசாயனம் படித்த ஒரு தங்கச்சி, காரணத்தோடு போட்டாள். நைத்திரேற்றை 220 நனோமீற்றர் அலைநீள ஒளியில் மட்டும் அளந்தால் தண்ணீரில் உள்ள சேதனப் பொருளும் சேர்ந்து காட்டும், 275இல் அளந்து கழிக்கிறதாக எழுதவில்லையே என்றாள். ஆய்வுகூடத்தில் அது நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. திரும்பவும் அதே கதை, செய்கிறேன், எழுதவில்லை. மற்றவர் டொக்டர், அவருக்கு நனோமீற்றர் கணக்கில்லை, கேள்வி பிடித்தது, 3 போட்டார். இவ்வளவு வித்தியாசமா என்று நாங்கள் முகத்தைத் தொங்கப்போட, சேர் ஓர் ஆய்வைச் சொன்னார். 2018இல் அமெரிக்காவில் 43 மதிப்பீட்டாளர்களிடம் 25 என்ஐஎச் விண்ணப்பங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரே விண்ணப்பத்துக்கு ஆளுக்கு ஆள் போட்ட புள்ளியில் ஒற்றுமை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுச் சபை ஒரு வகை நிதிக்கு 2013இலேயே, தகுதியானவற்றைப் பிரித்தெடுத்த பிறகு சீட்டுக் குலுக்கத் தொடங்கியது. கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் சில பேர் அதைப் பிடித்துக்கொண்டு "அப்ப எல்லாம் அதிஷ்டம்தான்" என்று தேறிக்கொண்டார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. குலுக்குகிற பெட்டிக்குள் சீட்டு விழவே ஒரு தரம் வேண்டும். என் முதல் விண்ணப்பம் பெட்டி வரைக்கும் போகவில்லை.

இனி அந்த ஆளுக்கு ஆள் திருத்தம். விளம்பரத்தில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், உண்மையில் அதுதான் சாமான். முதல் திருத்தம் அக்காவிடமிருந்து ஐந்தாம் நாள் வந்தது. தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனையால் எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தார். ஐந்து நோக்கங்களில் மூன்றை வெட்டியிருந்தார். வெட்டிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இது அடுத்த கிராண்ட்" என்று எழுதியிருந்தது, அதனால் வலிக்கவில்லை. உரம் நின்ற போகத்தைப் பற்றிய அந்த வரியை அம்பு போட்டு முதல் பக்கத்தின் முதல் வரிக்குக் கொண்டுபோயிருந்தார். இலக்கிய மீளாய்வில் ஒரு பந்திக்குப் பக்கத்தில், "இவர் சொன்னார் அவர் சொன்னார் தெரியுது, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று. ஓரிடத்தில் நான் 'இதுவரை எவரும் ஆராயாத' என்று எழுதியிருந்தேன், அதைச் சுற்றி வட்டம், "உங்கட மதிப்பீட்டாளரே ஆராய்ஞ்சிருக்கலாம், கவனம்". சிரித்துவிட்டேன், ஆனால் உண்மை. நம்முடைய நாட்டில் ஒரு துறைக்குள் எத்தனை பேர் இருக்கிறோம், வாசிக்கப்போவது நமக்குப் படிப்பித்தவராகவே இருக்கலாம்.

இரண்டாவது திருத்தத்தில்தான் கோபம். ஏழு நாளில் தருவோம் என்பது பேச்சு. ஒக்டோபர் கடைசியில் எனக்கு முடிவுத் திகதி, அதைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தேன். பதினாறாம் நாள் வந்தது, விண்ணப்பம் போய் இரண்டு நாள் கழித்து. நடுவில் வட்ஸ்அப்பில் இரண்டு தடவை கேட்டேன், நீல நிறம் விழுந்தது, பதில் இல்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், காரணமும் சொன்னார்கள், பன்னிரண்டு பேருடையதும் ஒரே கிழமையில் வந்து குவிந்துவிட்டதாம். குவியும்தானே, எல்லோருக்கும் முடிவுத் திகதி ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அவர்களுக்கே தெரியும். ஈடாக அடுத்த தொகுதியில் ஒரு நாள் இலவசமாக வந்து இருக்கலாம் என்றார்கள். எனக்கு நாள் வேண்டாம், காசில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்திருக்கலாம். வந்த குறிப்புகள் நல்ல குறிப்புகள் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அவர்கள் தொடவே தொடாத ஒரு விஷயமும் இருக்கிறது, கையெழுத்து. துறைத்தலைவர், பீடாதிபதி, அதற்கு மேலே என்று விண்ணப்பம் ஏறிப்போக வேண்டும், மனிதரையோ மிருகத்தையோ தொடுகிற ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேறு, அந்தக் குழு கூடுவது அதற்கென்று ஒரு நாளில். எனக்கு ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் ஒரு கதவுக்கு வெளியே நிற்க வேண்டி வந்தது, கடைசியில் முடிவுத் திகதிக்கு முதல்நாள் பின்னேரம், வெளியே இடியோடு மழை, உள்ளே ஒரு அண்ணா தன் குடையைத் தந்து, "அங்க மீற்றிங்ல இருக்கிறார், ஓடுங்கோ" என்றார். வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. என்ஐஎச் படிவத்துக்குக் கொடுத்த காலையில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

யார் போகலாம் என்றால், கையில் ஒரு வரைவு உள்ளவர்கள். எவ்வளவு மோசமான வரைவு என்றாலும் பரவாயில்லை, பத்துப் பக்கம் எழுதி, முடிந்தால் ஒருமுறை விழுந்தும் பார்த்துவிட்டுப் போங்கள். யோசனை மட்டும் வைத்துக்கொண்டு வந்த இரண்டு பேர் எங்களோடு இருந்தார்கள், மூன்றாம் சனி அக்கா கேள்வி கேட்கும்போது அவர்களிடம் கேட்க ஒன்றுமில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசு கட்டுமுன் திருத்தம் எந்தத் திகதிக்குள் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், உங்களுடைய முடிவுத் திகதியையும் சொல்லிவிடுங்கள். இரண்டாம் சனியை நீக்கிவிட்டு மூன்று நாளாக்கி 15,000க்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். இப்போதைய விலைக்கு, ஐந்துக்கு மூன்றரை. அக்காவுக்கு மட்டும் தனியாக ஐந்து.

என்னுடையது போய்விட்டது, பதினைந்து பக்கம் ஒன்பதாகி, இரண்டு நோக்கம், ஒரு ஐஸ் பெட்டி, கொஞ்சம் ஐஸ், இரவு பஸ்ஸில் இரண்டு இருக்கை, ஒன்று பெட்டிக்கு. பதில் இன்னும் வரவில்லை. போகிறவர்கள் காலி வீதிப் பக்கத்து யன்னலுக்குக் கீழே இருக்காதீர்கள், 100 நிற்கிற ஹோல்ட் நேர் கீழேதான், ஹோர்ன் சத்தத்தில் பாதி கேட்காது.